தீவுக்குப் போவோமா? – தங்கவயல் குடும்பங்களுக்கு ஒரு பயணப் பாடம்

நமது சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. தங்கவயல் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால், நம் பாட்டன்மார் கடல்மட்டத்திற்கும் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்கி வேலை பார்த்திருக்கிறார்கள் என்பது தெரியும். கடலுக்குக் கீழே அத்தனை ஆழம் போய் வந்தவர்களில் பலர் கடலை ஒருமுறை கூடக் கண்ணால் பார்த்ததில்லை. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் புறப்பட்டு இங்கே வந்தார்கள், லைன் வீட்டில் குடியேறினார்கள், ஷிப்டுக்குப் போனார்கள், பிள்ளைகளை ஆளாக்கினார்கள். ஊருக்குப் போவதென்றால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். விடுமுறை என்று ஒன்றைத் திட்டமிட்டு, குடும்பத்தோடு ஓரிடம் போய் இளைப்பாறி வருவது நமக்குப் பழக்கமில்லாத காரியம்.

2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின் அந்தப் பழக்கம் வருவதற்கு வழி இன்னும் குறைந்தது. இன்று நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் இரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்துக்கே போதவில்லை. இந்த நிலையில் ஒரு குடும்பம் ஐந்து நாள் ஒதுக்கி வெளியே போகிறதென்றால், அந்த ஐந்து நாளும் அதற்கான பணமும் வீணாகிவிடக்கூடாது. வீட்டிலுள்ள பெரியவர் கடலைப் பார்க்க இன்னொரு வாய்ப்பு வருமா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவேதான் பயணத்தையும் ஒரு பாடமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் மத்தியதரைக் கடலின் சிறு தீவுகளுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் பல மாதங்களுக்கு முன்பே திட்டம் போடத் தொடங்குவார்கள். மால்டாவை அடுத்த கோசோ தீவு, கிரீஸ் நாட்டின் ஹைட்ரா தீவு முதலியவை அப்படிப்பட்டவை. நமக்கு அத்தனை தொலைவு வேண்டாம். இராமேசுவரம் இருக்கிறது. அதையும் நாம் ‘கோயில் ஊர்’ என்றுதான் நினைக்கிறோமே தவிர, அது ஒரு தீவு என்று நினைப்பதில்லை. தீவு என்று நினைத்துத் திட்டமிட்டால் பாதிச் சிரமம் குறையும். எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. கடக்கும் வழி

நிலத்தில் ஓர் ஊருக்கு நாலு வழி இருக்கும். ஒன்று அடைபட்டால் இன்னொன்றில் போகலாம். தீவுக்கு வழி ஒன்றோ இரண்டோதான். ஆகையால் தீவுப் பயணத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எப்படிக் கடப்பது? கடக்க முடியாமற் போனால் என்ன செய்வது?’ என்பதே.

மால்டாவிலிருந்து கோசோவுக்குப் படகில் 25 நிமிடம்தான். ஆனாலும் கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். இராமேசுவரம் இருக்கும் பாம்பன் தீவுக்கும் ஒரு காலத்தில் படகுதான். 1897 ஜனவரியில் மேல்நாட்டிலிருந்து கொழும்பு வழியாகத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் பாம்பனில்தான் கரையிறங்கினார். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். கப்பல் போகும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும். சாலைப் பாலம் அதற்கு 74 ஆண்டு கழித்து, 1988 அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது. பழைய இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பக்கத்தில் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிரியாமல் அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். நம் சுரங்கத்தில் கூண்டு ஏறி இறங்கியதை நினைவுபடுத்திப் பிள்ளைகளுக்கு விளக்கினால் எளிதில் புரியும்.

பாலம் புதிதானாலும் காற்று பழைய காற்றுதான். காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவைப்பார்கள். ஆகவே திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே வேலைக்குப் போக வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள். பணத்தில் கையிருப்பு வைப்பது நமக்குத் தெரியும். தீவுக்குப் போகிறவர் நாளிலும் கையிருப்பு வைக்க வேண்டும்.

இங்கிருந்து போக இரண்டு வழிகள் வசதியானவை. ஒன்று, பங்காரப்பேட்டையில் ஏறி ஜோலார்பேட்டை, சேலம் வழியாகத் திருச்சிக்கோ மதுரைக்கோ போய் அங்கிருந்து மாறுவது. மற்றொன்று, பெங்களூர் போய் ஓசூர், தர்மபுரி, சேலம் வழியாக மதுரைக்குப் போவது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாகவும், மதுரையிலிருந்து பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகவும் தீவை அடையலாம். இரண்டு வழியும் மானாமதுரையில் சேர்ந்துவிடும். மதுரையிலிருந்து சாலை வழி ஏறத்தாழ 170 கி.மீ. இரயிலில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பிருந்த 120 நாள் கணக்கை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதியவருக்குக் கீழ்ப் படுக்கை கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: நம் பங்காரப்பேட்டை வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் வண்டியை ‘ஐலண்ட் எக்ஸ்பிரஸ்’ என்கிறோமே, அந்தப் பெயரில் உள்ள தீவு இராமேசுவரம் அன்று. அந்த வண்டி முன்னாளில் கொச்சியில் உள்ள வில்லிங்டன் தீவின் துறைமுக நிலையம் வரை ஓடியது. அதனால் வந்த பெயர் வண்டியின் பாதை மாறிய பிறகும் நிலைத்துவிட்டது.

2. காற்றும் பருவமும்

எந்த மாதம் போவது? நம் வீடுகளில் இதற்கு ஒரே விடை, ‘பிள்ளைகளுக்கு லீவு விடும்போது’ என்பதுதான். கர்நாடகப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். தசரா விடுமுறை அக்டோபர் ஒட்டி. இரண்டையும் தீவின் பருவத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

இராமேசுவரத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். அமைதியாகக் கிடக்கும் பக்கத்தைப் பெண்கடல் என்றும் அலை மோதும் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் தென்கடல் சீறும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை வடகடல் சீறும். மழையும் புயலும் அப்போதுதான். ஆகவே தசரா விடுமுறையில் போகிறவர்கள் அதன் முற்பகுதியிலேயே போய் வந்துவிடுவது நல்லது. ஆனால் மகாளய அமாவாசையை ஒட்டிப் போனால் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசையும் அப்படியே. தர்ப்பணம் கொடுக்கவே போகிறவருக்கு அந்த நாள் முக்கியம். இளைப்பாறப் போகிறவருக்கு அந்த நாள் ஆகாது. எதற்காகப் போகிறோம் என்று முதலிலேயே தெளிவு வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் புழுக்கமும் அதிகம். தங்கவயலின் மேட்டுநிலக் காற்றில் வளர்ந்த உடம்பு, கடலோர வியர்வைக்குப் பழக ஒரு நாளாவது ஆகும். அக்காலத்தில் போனால் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நாலு மணிக்கு மேலும் மட்டும் வெளியே போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்கான ஏற்பாடு அது. நாட்டுப்படகு மீன் கிடைக்கும். ஆனால் கரை நிறையப் படகு வந்திறங்கும் காட்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு மாதம் போக வேண்டும்.

எல்லாம் பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். பிள்ளைகளின் பரீட்சை இடிக்கும் என்றால் ஜனவரியில் பொங்கலை ஒட்டி வரும் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளியில் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள்.

3. தண்ணீர்

குடத்தோடு வரிசையில் நின்று பழகிய ஊர் நம் ஊர். பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தால்தான் நமக்குக் குடிநீர் என்று இருந்த காலத்தை முதியவர்கள் அறிவார்கள். ஆகவே தீவின் தண்ணீர்க் கதை நமக்கு எளிதில் விளங்கும்.

நாலு பக்கமும் உப்பு நீர் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது? மழைநீர் மணலில் இறங்குகிறது. கடல் நீரை விட நல்ல நீர் எடை குறைந்தது. ஆகவே மணலுக்கடியில் ஊறி நிற்கும் உப்பு நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது, கஞ்சியின் மேல் ஆடை படிந்தாற்போல. எடை வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான். அதனால் நல்ல நீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேல்மட்டம் ஒரு மீட்டர் குறைந்தால் கீழேயிருந்து உப்பு நீர் 40 மீட்டர் மேலேறிவிடும். தனுஷ்கோடி மீனவர்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நீரை மெதுவாக முகந்துகொள்வதன் காரணம் இதுவே. ஆழமாக மோட்டார் போட்டு இறைத்தால் உப்புதான் வரும். மால்டாத் தீவிலும் இதே நிலைதான். அங்கே ஆறு கிடையாது. நிலத்தடி நீரை அதிகமாக இறைத்து உப்பேறிப்போனதால், இன்று அந்நாட்டின் தண்ணீரில் பாதிக்கு மேல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்து வருகிறது.

திட்டமிடுகிறவருக்கு இதிலுள்ள பாடம் என்ன? அறை எடுக்குமுன் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். குளிக்க உப்பு நீர் வரலாம். அதில் சோப்பு நுரைக்காது. குடிக்கத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கேன் ஒன்று வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுபோன சொம்பிலும் புட்டியிலும் ஊற்றிக்கொண்டால் செலவும் குறையும், குப்பையும் குறையும். ஒரு முறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பை, தட்டு, குவளை முதலியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. துணிப்பை கொண்டுபோங்கள். தீவில் விட்டுவரும் குப்பைக்குப் போக இடமில்லை. ஒன்று மணலில் கிடக்கும், இல்லையேல் கடலில் விழும்.

4. யார் யாருக்கு என்ன வேண்டும்?

புறப்படுமுன் வீட்டில் ஒரு நாள் மாலை எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். ஒவ்வொருவரும் ‘எனக்கு இந்த ஒன்று கிடைத்தால் போதும்’ என்று ஒரே ஒரு விருப்பத்தைச் சொல்ல வேண்டும். பாட்டிக்குத் தீர்த்தமாடல், தாத்தாவுக்குப் பாலத்தில் இரயிலில் போவது, அம்மாவுக்கு மூன்று நாள் அடுப்படிக்குப் போகாமல் இருப்பது, பிள்ளைக்குக் கடலில் கால் நனைப்பது என்று வரும். இவற்றைத் தாளில் எழுதுங்கள். திட்டத்தில் முதல் இடம் இவற்றுக்குத்தான். மற்றவை கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நட்டமில்லை. இதைச் செய்யாமல் போனால், குரல் பெரிதாக உள்ளவர் விரும்பிய இடங்களுக்கெல்லாம் மற்றவர்கள் பின்னால் நடந்துவிட்டுத் திரும்புவார்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு கவனம் இங்கே வேண்டும். சுரங்கத்தில் பல்லாண்டு பாறைத்தூசியைச் சுவாசித்ததால் நுரையீரல் தளர்ந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வீட்டில் விட்டுப் போக வேண்டியதில்லை. கணக்குப் போட்டு அழைத்துப் போகலாம். புறப்படுமுன் அவர்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டி, பயணம் செய்யலாமா என்று கேளுங்கள். மருந்துகளை ஐந்து நாளுக்கன்று, பத்து நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டும் கையோடு இருக்கட்டும். தரைத் தளத்தில் அறை கேளுங்கள்.

இராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் உள்ளன. முதலில் கடற்கரையில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, பின் ஈரத்தோடு ஒவ்வொரு கிணறாகப் போய் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வது முறை. கல்தளம் வழுக்கும், ஈரத்துணி குளிரும். மூச்சுத் திணறல் உள்ளவர் இருபத்திரண்டிலும் நனைய வேண்டும் என்று கட்டாயமில்லை. தலையில் தெளித்துக்கொண்டாலே போதும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி மனத்தைத் தயார் செய்யுங்கள். அங்கே போய்ச் சொன்னால் மனம் வருந்துவார்கள். தீர்த்தமாடி முடித்ததும் உலர்ந்த துணி மாற்றிய பின்னரே சன்னதிக்குப் போக வேண்டும். ஆகவே மாற்றுத் துணிப் பையோடு ஒருவர் நனையாமல் இருக்க வேண்டும். அவர் யார் என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்.

நடக்க முடியாதவருக்கும் அந்தக் கோயில் ஒன்றைக் கொடுக்கும். 1,212 தூண்கள் வரிசை பிடித்து நிற்கும் மூன்றாம் பிரகாரத்தின் நிழலில் அரைமணி உட்கார்ந்திருந்தாலே களைப்பு நீங்கும். பாறையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்ட கைகளுக்கு, கல்லைச் செதுக்கித் தூண் நிறுத்திய கைகளின் அருமை தெரியாமல் போகுமா?

நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தவரும் இருக்கிறோம். தீவும் அப்படியே. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் புனித சந்தியாகப்பர் ஆலயம் இருக்கிறது. தீவுக்கு வெளியே, அதே மாவட்டத்தில் ஏர்வாடி தர்கா இருக்கிறது. பேக்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடத்துக்கு எல்லோரும் போகலாம். 1931-ல் அந்தச் சிறு தீவில் ஒரு படகுக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளை நாட்டின் குடியரசுத் தலைவரானதை, நம் பிள்ளைகள் நேரில் போய்த் தெரிந்துகொள்வது நல்லது.

5. பணக் கணக்கு

‘இராமேசுவரம் போயும் சனீசுவரன் விடவில்லை’ என்பது பழமொழி. வட்டிக்கு வாங்கிப் பயணம் போகிறவருக்கு இது முழுக்கப் பொருந்தும். போய் வந்த களைப்பு நாலு நாளில் தீரும். வட்டி நாலு வருடம் நிற்கும். ஆகவே பயணத்துக்கென்று தனியாக மாதச் சீட்டு போல ஒன்றைத் தொடங்குங்கள்.

கணக்குப் பழகுவதற்காக ஓர் எடுத்துக்காட்டு தருகிறோம். இவை உண்மைக் கட்டணங்கள் அல்ல. நீங்கள் விசாரித்து அறிந்த தொகைகளை இந்த இடங்களில் இட்டுக்கொள்ள வேண்டும். ஆறு பேர் உள்ள குடும்பம் ரூ. 24,000 செலவிடலாம் என்று வைத்துக்கொள்வோம்.

இரயில், பேருந்து: ரூ. 7,000
தங்கும் அறை: ரூ. 5,000
சாப்பாடு: ரூ. 6,000
தீவுக்குள் ஆட்டோ, வேன்: ரூ. 2,500
தீர்த்தம், காணிக்கை, நுழைவுச் சீட்டு: ரூ. 1,100
கையிருப்பு: ரூ. 2,400

மொத்தம் ரூ. 24,000. மாதம் ரூ. 2,400 வீதம் பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். கையிருப்பு என்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. வண்டி தவறினாலோ, ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தாலோ, மருத்துவரிடம் போக நேர்ந்தாலோ மட்டும் அதைத் தொட வேண்டும். அது செலவாகாமல் திரும்பி வந்தால் அடுத்த பயணத்தின் முதல் தவணை.

தீவுக்கு எல்லாப் பொருளும் பாலம் தாண்டித்தான் வர வேண்டும். ஹைட்ராத் தீவில் மோட்டார் வண்டிகள் அநேகமாகக் கிடையாது. சாமான்களைக் கழுதையும் கோவேறு கழுதையும் சுமக்கின்றன. நமக்கு அந்தச் சிரமம் இல்லையென்றாலும், கூட்ட நாட்களில் அறைக்கும் வண்டிக்கும் விலை ஏறும். ஆட்டோவில் ஏறுமுன் போகும் இடங்களையும் காத்திருக்கும் நேரத்தையும் சொல்லிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

6. நாள்வாரித் திட்டம்

முதல் நாள்: மாலை புறப்பாடு. இரவுச் சாப்பாடு வீட்டிலிருந்து, புளிச்சோறு கெடாது.

இரண்டாம் நாள்: காலையில் திருச்சியோ மதுரையோ சேர்ந்து, நண்பகலுக்குள் தீவு. பாலத்தைப் பகலில் கடக்கும்படி வண்டி பாருங்கள். பிற்பகல் முழுவதும் ஓய்வு. மாலை கடற்கரை. அன்று வேறொன்றும் வேண்டாம்.

மூன்றாம் நாள்: விடியற்காலையில் ஸ்படிகலிங்க தரிசனம் விரும்புகிறவர்கள் அதை முடித்து, பின்பு தீர்த்தமாடலாம். நண்பகலுக்குப் பின் சில மணி நேரம் நடை சாத்தியிருக்கும். நீங்களும் படுத்து எழுங்கள். மாலை கலாம் நினைவிடம். படியேற முடிந்தவர்கள் தீவின் உயர்ந்த இடமான கந்தமாதன பர்வதம் போய் வரலாம்.

நான்காம் நாள்: காலையிலேயே தனுஷ்கோடி, வழியில் கோதண்டராமர் கோயில். பிற்பகல் பாம்பன், தங்கச்சிமடம். மாலை புறப்பாடு.

ஐந்தாம் நாள்: வீடு. ஆறாம் நாள் கையிருப்பு. எதுவும் நேராவிட்டால் அன்றும் ஓய்வு.

ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்று, சிறிய இடம் ஒன்று என்பதுதான் கணக்கு. அதற்கு மேல் போனால் இடங்கள் நினைவில் நிற்பதில்லை, கால்வலிதான் நிற்கும்.

7. தனுஷ்கோடியில் என்ன பார்க்கப் போகிறோம்?

தனுஷ்கோடி ஒரு துறைமுகப் பட்டணமாக இருந்தது. சென்னை எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில் அங்கே வந்து நிற்க, பயணிகள் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். அங்கிருந்து கொழும்புக்கு இரயில். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்து இவ்வழியே அனுப்பினார்கள். நம் முன்னோர் மேற்கே ஏறித் தங்கவயலுக்கு வந்தது போல, அவர்கள் கிழக்கே கடல் தாண்டிப் போனார்கள். ஒரே பஞ்சம் இரு திசைகளில் விரட்டிய உறவுகள் என்று சொன்னால் தவறில்லை.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிய புயலில் கடல் ஊரைக் கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணி இரயில் ஊருக்குச் சற்று முன்னால் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். சேதமுற்ற பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீர்செய்தார்கள். ஆனால் தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கப்பல் பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1984-ல் அதுவும் நின்றது. இன்று இரயில் நிலையம், மாதா கோயில் ஆகியவற்றின் சுவர்கள் நிற்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போடப்பட்டது. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கி.மீ. தான்.

அங்கே சில விதிகள் உண்டு. மாலைக்குப் பின் தங்கக்கூடாது. இரவு தங்க இடமும் இல்லை. அரிச்சல்முனையில் இரு கடலும் சேர்வதால் நீரோட்டம் இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், குளிக்கக்கூடாது. குடை, தண்ணீர், பிள்ளைகளுக்குத் தொப்பி அவசியம். பவளக்கல், கடல் அட்டை, சிலவகைச் சங்குகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை; எடுத்து வரக்கூடாது, யாராவது விற்றாலும் வாங்கக்கூடாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 சிறு தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்ததும் இவற்றைக் காப்பதற்கே.

பிழைப்பு ஒன்றையே நம்பி எழுந்த ஊர், அந்தப் பிழைப்பு போனால் என்னவாகும் என்பதை நாம் சைனைடு மேடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். தனுஷ்கோடியைக் கடல் ஒரே இரவில் எடுத்துக்கொண்டது. நம் சுரங்கத்தை ஓர் ஆணை மூடியது. வேற்றுமை என்னவென்றால், நாம் இன்னும் இங்கே இருக்கிறோம். பள்ளிக்கூடம் நடத்துகிறோம், சங்கம் நடத்துகிறோம், தினமும் இரயிலேறிப் போயாவது வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்தச் சுவர்களுக்கு முன்னால் நிற்கும்போது பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். படம் பிடிக்கும் அவசரத்தில் அந்தக் கேள்விகளைத் தள்ளிவிடாதீர்கள். தாத்தாவைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். சுரங்கத்தின் கதையும் அங்கேயே வந்துவிடும்.

8. சொல் அறிவோம்

கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கடலோரச் சொற்கள் சில:

வாடை – வடக்கிலிருந்து வீசும் காற்று
தென்றல் – தெற்கிலிருந்து வரும் இளங்காற்று
கொண்டல் – கிழக்கிலிருந்து வரும் காற்று
கச்சான் – மேற்கிலிருந்து வரும் காற்று
நீரிணை – இரண்டு பெரிய கடற்பரப்புகளை இணைக்கும் குறுகிய கடல்
வளைகுடா – நிலத்துக்குள் வளைந்து புகுந்த கடல்
ஓதம் – கடல் நீர் ஏறுதல். ஓதம் வற்றுதல் – இறங்குதல்
ஊற்று – மணலில் தோண்டிய இடத்தில் ஊறும் நீர்

9. பயிற்சி

அ. உங்கள் வீட்டில் ஒவ்வொருவரின் ஒரே விருப்பத்தையும் கேட்டு எழுதுக. பெரியவர்களிடம் முதலில் கேட்கவும்.

ஆ. நிலத்தடியில் நல்ல நீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் இருந்தால், கீழே ஏறத்தாழ எத்தனை மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும்?

இ. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு உண்மையான கட்டணங்களை விசாரித்து ஒரு கணக்குத் தயார் செய்க. கையிருப்பை மறக்க வேண்டாம். எத்தனை மாதத்தில் சேர்க்க முடியும் என்பதையும் குறிப்பிடுக.

ஈ. அக்டோபர் கடைசி வாரத்தில் இராமேசுவரம் போக நினைக்கும் நண்பருக்கு என்ன சொல்வீர்கள்? காரணத்தோடு ஐந்து வரி எழுதுக.

உ. உங்கள் தாத்தாவோ பாட்டியோ முதன்முதலில் கடலைப் பார்த்த நாளைப் பற்றிக் கேட்டு எழுதுக. இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னால், பயணத்துக்கு எந்த மாதம் வசதி என்பதை அவர்களிடமே கேட்டு, நாட்காட்டியில் குறித்து வைக்கவும்.